சென்னை மொட்டை மாடியில் குடைமிளகாய் காய்க்குமா? என் செடியில் பூவெல்லாம் உதிர்ந்துவிடுகிறதே, என்ன உரம் போடலாம்?

எந்த மாதம் விதைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து விதைத்திருப்பீர்கள், பூ எடுக்கும்போது வெயில் ஏறியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் எந்த உரமும் வேண்டாம். பகலில் 32 டிகிரியையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டினால் குடைமிளகாய்ப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டும். நம் ஊரில் மே மாதம் விடியற்காலையிலேயே 28 இருக்கும். செடி என்னவோ பச்சைப்பசேலென்று நிற்கும். அதனால்தான் எல்லோரும் உரக்கடைக்கு ஓடுகிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நான் வந்ததே என் நாத்தனாரால்தான். பெங்களூருவில் இருக்கிறார். நங்கநல்லூர் வரும்போதெல்லாம், "இதெல்லாம் ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வர்றது, மெட்ராஸ் உப்புக்காற்றில் எங்கே காய்க்கும்?" என்பார். போன தை மாதம் வந்தவருக்கு மாடியில் பறித்த காயில் கொத்சு பண்ணிப் போட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். காய் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவே இல்லை!

நான் செய்வது இதுதான். செப்டம்பரில் குழித்தட்டில் விதை. கடையில் வாங்கிய காயின் விதை வேண்டாம், பெரும்பாலும் அது ஹைப்ரிட், தாயைப் போலக் காய்க்காது. பச்சைக் காய் என்றால் விதையே முற்றியிருக்காது. நவம்பரில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைக்கு நாற்றை மாற்றி, அடைமழை படாமல் சன்ஷேடுக்குக் கீழே வைப்பேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மார்கழியில் பூ, தையிலும் மாசியிலும் காய். இலை மேல்பக்கமாகச் சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமாகச் சுருண்டால் சிலந்திப்பேன், இரண்டுமே சாறு உறிஞ்சும் பொடி உயிர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும் தெளிக்க வேண்டும்.

கடைக்காய் அளவு வராது. ஊட்டிக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நான் விவசாயம் படித்தவளும் இல்லை. ஆனால் தோல் மெல்லிசு, சட்டென்று வதங்கும். பச்சையாகப் பறிக்காமல் இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டால் ரகத்தைப் பொறுத்துச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பழுக்கும். கலர் குடைமிளகாய் விலை அதிகம் என்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

மாடி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அடுக்ககச் சங்கத்தில் யார் வீட்டுச் சுவர் ஓதம் அடித்தாலும் என் பைகள்தான் காரணமாம். தட்டு வைத்து, செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடி ஏசித் தண்ணீர் வருஷம் முழுக்கச் சுவரில் வழிகிறது, அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. மாடிச் சாவி இப்போது வாட்ச்மேனிடம். அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை நான் பூவாளியோடு படியில் நிற்க வேண்டும். சரி, விடுங்கள்.

கொத்சுக்கு: தனியா, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், வெந்தயம் வறுத்துப் பொடிக்கவும். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிய காயை வதக்கி, நீர்க்கப் புளி கரைத்து விட்டுக் கொதிக்க வைத்து, கடைசியில் பொடியும் துளி வெல்லமும். வெண்பொங்கலுக்கு ஜோர். கொத்சு என்றால் கத்தரிக்காய்தான் என்று சிதம்பரத்துக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அதையும் பண்ணுகிறேன்.

உங்கள் செடி உயிரோடு இருந்தால் பிடுங்காதீர்கள். கிளைகளைப் பாதிக்கு வெட்டிக் கவாத்து செய்து, நிழல்வலைக்குக் கீழே தள்ளி வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை தாண்டிவிட்டால் மழைக்குப் பிறகு அதுவே மறுபடி பூக்கும், புது விதைக்குச் செலவில்லை.