பேச்சு வந்த பிறகுதான் பள்ளியா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. நான்கைந்து சொற்களே பேசுகிறான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளை நாள் முழுவதும் வரிசையாக அடுக்குகிறான். எல்.கே.ஜி.யில் சேர்த்த இரண்டாம் வாரமே, "பேச்சு வந்த பிறகு அழைத்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் வேலைக்குச் சென்றால் அவனைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார், ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும் என்கிறார். ஒரு வருடம் வீட்டிலேயே வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. பேச்சு சற்றுப் பிந்தி வரும் பிள்ளைகள் உண்டு என்பதால் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றரை வயதில் பேச்சும் குறைவாக இருந்து, அழைப்புக்குத் திரும்புவதும் இல்லையென்றால், காத்திருந்து பார்க்கும் கட்டம் கடந்துவிட்டது.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். டி.வி. விளம்பரம் கேட்டால் ஓடி வருகிறானே என்று பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். சில ஒலிகள் நன்றாகக் கேட்டும், பேச்சின் நுண்ணிய ஒலிகள் மட்டும் தெளிவில்லாமல் போவது உண்டு. சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கேட்கும் திறன் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. 2013-இல் தொடங்கப்பட்ட, குழந்தைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் செவித்திறன், பேச்சு, வளர்ச்சி அனைத்தையும் கட்டணமின்றிப் பரிசோதிப்பார்கள். அங்கன்வாடிக்கு வரும் அத்திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் கூறினாலும் அங்கே அனுப்பிவைப்பார்கள். இது ஆட்டிசமா (பேசுவதிலும் பிறரோடு பழகுவதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை), வேறொன்றா என்பதை மருத்துவர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் தெரியும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பள்ளி சொன்னது என்னை மிகவும் வருத்துகிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அது ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைகள் நடுவே இருந்தால்தானே பேச வேண்டிய தேவையே அவனுக்கு வரும்?

செருப்பு அடுக்குவதைத் தடுக்காதீர்கள். நான் பார்த்த ஓர் அங்கன்வாடியில், இப்படியே அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் எதிரில் ஆசிரியை தரையில் உட்கார்ந்து, ஒரு செருப்பை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அடுத்தது எங்கே என்று தேடிய குழந்தை முதலில் அவர் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். உடனே ஆசிரியை "தா" என்று சொல்லியபடி செருப்பைக் கொடுத்தார். அவளாகவே "தா" என்று சொல்ல நெடுநாள் ஆயிற்று. ஆனால் அதற்கு வெகு முன்பே மற்றப் பிள்ளைகள் தங்கள் செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகப் பழகியிருந்தார்கள்.

உங்கள் மகனுக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வான் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள். முதல் மாதம் அரை நாள் மட்டும் அனுப்பக் கேளுங்கள். அப்போதும் மறுத்தால், அருகிலுள்ள அங்கன்வாடியில் சேர்த்துவிட்டு, கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரைச் சந்தியுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். பகல் முழுவதும் அவனோடு இருப்பவர் அவர். பேச்சுப் பயிற்சியாளர் செய்து காட்டுவதை அவரும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.