ஈ.கோலைத் தட்டில் வளையம் வரவில்லை என்றால்

மண்டபம் கடற்கரையில் எடுத்த சர்காஸம் என்ற பழுப்புப் பாசியின் ஹெக்ஸேன் (கொழுப்பைக் கரைக்கும் கரைப்பான்) சாறு ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாத் தட்டில் சின்ன வளையம் (பாக்டீரியா வளராத வட்டம்) தந்தது, ஈ.கோலை பாக்டீரியாவில் ஒன்றுமே இல்லை, ஆய்வேடு வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது, கவலைப்படாதீர்கள். ஈ.கோலைக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு; கொழுப்பில் கரையும் சேர்மங்களை அது எளிதில் உள்ளே விடாது. அதோடு, ஹெக்ஸேனில் இறங்கும் கொழுப்பு அமிலங்கள் தட்டிலுள்ள அகார் கூழில் சரியாகப் பரவாது. வளையம் சிறியது என்பதால் வீரியமும் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். 96 குழித் தட்டில், திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். டிஎம்எஸ்ஓ (சாற்றைக் கரைக்கும் திரவம்) மட்டும் சேர்த்த குழி ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

பழுப்புப் பாசியின் ஃபுளோரோடானின்கள் (பாக்டீரியாவைத் தடுக்கக்கூடிய ஃபீனால் சேர்மங்கள்) ஹெக்ஸேனில் வராது. மிச்சப் பொடியைத் தூக்கிப் போடாமல் மெத்தனாலில் ஊறவையுங்கள். பிறகு எத்தில் அசிடேட்டில் பிரித்து ஈ.கோலையில் மறுபடி சோதியுங்கள். அப்போதும் வளையம் வராவிட்டால் அதையும் அப்படியே பதிவு செய்யுங்கள்.