‘ரெஸ்பெக்ட்’ பாட்டின் ஒரிஜினல் யாருடையது? அரீதா பாடியது வெறும் கவரா, அதாவது இன்னொருவர் பாட்டை மறுபடி பாடியது மட்டும்தானா?

எழுதியவர் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங். 1965-ல் அவரே பாடி வெளியிட்டார். அதில் பேசுவது சம்பாதித்து வீடு திரும்பும் ஆண். காசு கொண்டுவருகிறேன், வீட்டுக்கு வந்தால் மரியாதை கொடு என்று கேட்கிறான். நல்ல பாட்டு, வேகமும் அதிகம்.

அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 1967 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவுசெய்தபோது மரியாதை கேட்பது பெண்ணாகிவிட்டாள். அவளிடமும் காசு இருக்கிறது, அதனால் கெஞ்சல் இல்லை. தலைப்பை எழுத்தெழுத்தாகச் சொல்லி நிறுத்தும் அந்த இடம் ஓட்டிஸ் பாட்டில் கிடையவே கிடையாது! பின்னால் ‘சாக் இட் டு மீ’ என்று விரட்டும் குரல்களில் அரீதாவின் தங்கை கேரலினும் உண்டு. நடுவில் வரும் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் பகுதியும் புதிதாகச் சேர்த்ததுதான். ஹெட்போனில் கேளுங்கள், அங்கே பாட்டு சட்டென்று வேறு சுருதிக்குத் தாவும்.

அந்த ஜூனில் இது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த மான்டரே இசை விழா மேடையில் ஓட்டிஸே, ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டு என்று சொல்லித்தான் பாடினார்.

ஆகவே ‘வெறும் கவர்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பானால் ராயல்டி பாட்டை எழுதியவர் தரப்புக்குத்தான், பாடியவருக்கு இல்லை.