மாட்டு டாக்டர் பதில்கள்

கப்பல் வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் மாட்டைப் பற்றித்தான் என்னைக் கேட்கிறீர்கள். டார்வின் துறைமுகத்திலிருந்து இந்தோனேசியாவுக்கு மாடு ஏற்றிப் போகும் கப்பல்களில் மருத்துவனாகப் போய்வந்தவன் என்பதால், ஆஸ்திரேலியாவில் மாட்டு விலை ஆடும்போதெல்லாம் கடிதங்கள் என் வாசலுக்கு வந்துவிடுகின்றன. இந்த மாதம் வந்தவற்றில் ஆறு.

கேள்வி: டாக்டர், என் மைத்துனர் குவீன்ஸ்லாந்தில் 2022-இல் கன்றுகள் வாங்கி, அடுத்த வருஷமே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். பெரிய நட்டம். ஒன்றரை வருஷத்தில் விலை இப்படி விழ என்னதான் காரணம்? – மெல்பர்ன் வாசகி ஒருவர்

உங்கள் மைத்துனரை என்னிடம் அனுப்புங்கள் அம்மா, இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். நானும் அதே குழியில் விழுந்தவன்.

வேலையை விட்டபின் சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய சிநேகிதர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து வடக்கு நியூ சவுத் வேல்ஸில் மேய்ச்சல் நிலம் குத்தகைக்கு எடுத்தேன். 2022 ஜனவரியில் நாற்பது கன்றுகள் வாங்கினோம். பால்குடி மறந்த, காயடித்த காளைக்கன்றுகள். சராசரி 280 கிலோ. கிழக்கு மாநிலங்களின் இளமாட்டு விலைக்குறியீடு அந்த மாதம் கிலோ கறி எடைக்கு (உயிர் எடை இல்லை, வெட்டிச் சுத்தம் செய்தபின் நிற்கும் எடை) 11 டாலரைத் தாண்டி நின்றது. அதுதான் உச்சி என்று யார் கண்டார்கள்? எங்கள் கண்ணுக்கு அது இன்னும் ஏறப்போகும் படிக்கட்டாகத் தெரிந்தது. 2023 அக்டோபரில் விற்றபோது அதே குறியீடு 4 டாலருக்கும் கீழே. காளைகளோ 600 கிலோவுக்கு வளர்ந்து தளதளவென்று இருந்தன. இருமடங்குக்கு மேல் எடை போட்ட மாட்டை, வாங்கிய காசுக்கும் குறைவாக விற்றோம். நாற்பது மாட்டையும் ஏலக்காரர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கும் சங்கடம்தான் போல.

காரணம் அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் இருக்கிறது. 2017 முதல் 2019 வரை கடும் வறட்சி. புல் இல்லை, தண்ணீர் இல்லை. சினைக்கு வைத்திருந்த பசுக்களைக்கூட லாரி ஏற்றினார்கள். நாட்டின் மொத்த மாட்டு எண்ணிக்கை முப்பது வருஷத்தில் காணாத அளவுக்குக் குறைந்தது. 2020-இல் மழை வந்ததும் நிலைமை தலைகீழ். புல் இடுப்பளவு, மேய மாடு இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினார்கள். கையில் இருந்த கிடேரிகளை, அதாவது இன்னும் ஈனாத இளம் பசுக்களை, ஒருவரும் விற்கவில்லை.

ஒரு கிடேரியை விற்காமல் நிறுத்தினால் இரண்டு விஷயம் நடக்கும். இன்று சந்தையில் ஒரு மாடு குறைகிறது. அதனால் விலை இன்னும் ஏறும். இரண்டாவது, அந்தக் கிடேரி பின்னால் கன்று போடும். அது பருவத்துக்கு வர ஒன்றேகால் வயதாக வேண்டும், சினை 283 நாள், ஈன்ற கன்று பால்குடி மறக்க ஆறேழு மாதம், பிறகு எடை போட ஒரு வருஷம். கூட்டிப் பாருங்கள், மூன்றரை வருஷத்தில் அந்தக் கன்று சந்தைக்கு வரும். 2020-இல் எல்லோரும் சேர்ந்து நிறுத்திய கிடேரிகளின் கன்றுகள் 2023-இல் எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. இறைச்சிக்கூடங்களில் வெட்டுவதற்கு ஆள் பற்றாக்குறை வேறு. வரிசை நீண்டது.

போதாக்குறைக்கு 2023 செப்டம்பர் 19 அன்று வானிலைத் துறை எல் நினோ வந்துவிட்டதாக அறிவித்தது. பசிபிக் கடல் சூடேறி இங்கே மழையைக் குறைக்கும் சங்கதி அது. 2019-ஐ மறக்காதவர்கள் அத்தனை பேரும் ‘புல் காய்வதற்குள் விற்றுவிடு’ என்று கிளம்பினார்கள். எங்கள் நாற்பதும் அந்த ஊர்வலத்தில்தான் போயின. நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி சிநேகிதர் போன் செய்தார். ஒன்றும் பேசவில்லை. போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். புது வருஷம் பிறந்தபோது விலை ஏறத் தொடங்கியிருந்தது.

கேள்வி: மாட்டு விலை விழுந்தது சரி. கடையில் இறைச்சி விலை ஏன் விழவில்லை? – சிட்னி வாசகர்

இதைக் கேட்காத மாட்டுக்காரர் கிடையாது. 600 கிலோ உயிர் எடையுள்ள காளையிலிருந்து தலை, தோல், குடல் போக சுமார் 320 கிலோ நிற்கும். எலும்பும் கொழுப்பும் கழித்தால் விற்பனைக்கு 220 கிலோ தேறலாம். அதற்குமேல் ஆள் கூலி, குளிரூட்டல், லாரி, கடை வாடகை. இவையெல்லாம் மாட்டோடு சேர்ந்து இறங்குவதில்லை.

ஆனால் இது பாதி பதில்தான். மீதிப் பாதி, நடுவில் இருக்கும் இறைச்சிக்கூடம். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பெரிய இறைச்சிக்கூடம் தீப்பிடித்து மூடிக்கிடந்தது. உடனே மாட்டு விலை விழுந்தது, இறைச்சி விலை ஏறியது. மாடும் அதே மாடு, தின்கிறவரும் அதே ஆள். நடுவே இருந்த வாசல் சுருங்கியது, அவ்வளவுதான். வாசல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு லாபம். அங்கே கொழுத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை நான்கே நிறுவனங்கள் வெட்டுகின்றன. 2023-இல் நம் பக்கம் தீ எதுவும் பிடிக்கவில்லை. கத்தி பிடிக்க ஆள் இல்லாததே போதுமானதாக இருந்தது.

கேள்வி: 2011-இல் உயிர் மாடு ஏற்றுமதியை நிறுத்தியபோது நீங்கள் டார்வினில் இருந்ததாக ஒருமுறை எழுதினீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன், சார். – கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி

சொல்கிறேன் அம்மா. உன் பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

இந்தோனேசிய இறைச்சிக்கூடங்கள் சிலவற்றில் மாடுகள் வதைபடுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நாடே கொதித்தது. கொதித்ததில் தப்பே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் அரசாங்கம் இந்தோனேசியாவுக்கு உயிர் மாடு அனுப்புவதை அடியோடு நிறுத்தியது. நல்லபடியாக நடந்த கூடங்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டு.

அந்தச் சமயம் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டிகளில் கப்பலுக்குக் காத்திருந்த மாடுகள் நின்றன. பிராமன் இனம், திமில் உள்ளவை, வடக்கு வெயிலுக்குப் பழகியவை. இந்தோனேசியாவின் விதி என்னவென்றால், இறக்குமதியாகும் மாடு 350 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. இளைத்த மாட்டை வாங்கி, தங்கள் ஊர்த் தீவனத்தில் கொழுக்க வைக்கும் வேலை தங்கள் ஆட்களுக்கே கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான்.

எங்கள் பட்டியில் 340, 345 கிலோவில் மாடுகள். தீவனம் போட்டால் தினமும் அரைக்கிலோவாவது ஏறும். போடாவிட்டால் இளைத்து நோய் வரும். எடைமேடையில் ஒன்று ஏறியது: 348. மறுவாரம் அதே மாடு: 353. மேடைப் பக்கத்தில் நின்ற பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ஆறடி உயர மனிதர். மாட்டுக்குத் தீவனத்தைக் குறைக்கச் சொன்ன டாக்டர் அந்த மாதம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தெற்கே அனுப்பலாமே என்று கேட்பாய். மூவாயிரம் கிலோமீட்டர் லாரிச் செலவு. தெற்கத்திய வியாபாரிகளுக்குத் திமில் மாடு என்றால் முகம் சுளிக்கும். கிடைக்கிற விலை லாரி வாடகைக்கே போய்விடும்.

ஜூலை 6 அன்று தடை நீங்கியது. சரியாக ஒரு மாதம். ஆனால் இந்தோனேசியா அந்த ஒரு மாதத்தை மறக்கவில்லை. ‘சாப்பாட்டு விஷயத்தில் இவர்களை நம்ப முடியாது’ என்று முடிவு கட்டி, 2012-க்கான அனுமதியை 2,83,000 மாடுகளாகக் குறைத்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் ஐந்து லட்சம், ஏழு லட்சம் என்று போனது. அந்தத் தடை உத்தரவு சட்டப்படி செல்லாது என்று ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2020 ஜூனில். 353 கிலோ மாட்டுக்காரர் அதற்குள் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருந்தார்.

கேள்வி: 2025-இல் அமெரிக்கா வரி போட்டதும் ஆஸ்திரேலிய மாட்டுக்காரர்கள் காலி என்றார்கள். ஒன்றும் ஆகவில்லையே? – வாசகர், அடிலெய்ட்

ஹாம்பர்கர் காப்பாற்றியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஐயா.

அமெரிக்க மாடு சோளம் தின்று கொழுக்கிறது. வெட்டினால் கொழுப்புத் துண்டுகள் மலையாக மிஞ்சும். அதை அப்படியே அரைத்தால் பர்கர் கல்லிலேயே உருகிவிடும். கொழுப்பில்லாத கறியைக் கலந்தாக வேண்டும். புல் மேய்ந்த ஆஸ்திரேலிய மாட்டின் கறி அதற்கென்றே செய்தாற்போல இருக்கும். அமெரிக்காவிலேயே வயதான கறவைகளையும் கழித்துவிட்ட பசுக்களையும் வெட்டினாலும் அந்த மாதிரிக் கறி கிடைக்கும். ஆனால் 2025 ஜனவரிக் கணக்குப்படி அமெரிக்காவின் மொத்த மாடு 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. வெட்டக் கழிசல் மாடு எங்கே?

ஆகவே ஏப்ரலில் 10 சதவீத வரி போட்டதும் வாங்குகிறவர் அதையும் கொடுத்து வாங்கினார். பிரேசிலுக்கு அதைவிடப் பல மடங்கு வரி விழுந்ததால் போட்டியும் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் மாட்டிறைச்சி ஏற்றுமதி 2024-இல் 13 லட்சம் டன்னைத் தாண்டிச் சாதனை. 2025 அதையும் மிஞ்சியது. நவம்பரில் அமெரிக்கா இறைச்சிக்கான வரியையே எடுத்துவிட்டது. விலைவாசி உயர்ந்து அவர்கள் ஊர்க்காரர்கள் கத்தியதுதான் காரணம். வரி எடுத்ததில் பிரேசிலுக்குத்தான் நம்மைவிட அதிகச் சந்தோஷம் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: சீனா ஏன் திடீரென்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது? – பெயர் வேண்டாம் என்கிறார்

திடீரென்று இல்லை. 2024 டிசம்பரிலேயே விசாரணை தொடங்கிவிட்டார்கள். சீனாவிலும் மாட்டு விலை சரிந்து, சின்னச் சின்ன வளர்ப்பாளர்கள் நட்டத்தில் விழுந்தார்கள். பிரேசில், அர்ஜென்டினா, ஆஸ்திரேலியாவிலிருந்து குவிந்த இறைச்சி அவர்கள் தலையில் இறங்கியது. 2026 ஜனவரி முதல் விற்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு டன் என்று ஒதுக்கீடு. அதைத் தாண்டினால் 55 சதவீதம் கூடுதல் வரி.

இங்கே பத்திரிகைகள் ‘சீனா கதவைச் சாத்தியது’ என்று எழுதின. எனக்கு எங்கள் நாற்பது காளைகள் ஞாபகம் வந்தன. மாட்டை வாங்கிய விலைக்கு விற்க முடியாமல் முழித்த ஒருவன் அந்தப் பக்கமும் இருந்திருப்பான். அவன் அரசாங்கத்திடம் முறையிட்டான், கேட்டது. நான் யாரிடம் முறையிட? எல் நினோவிடமா?

கேள்வி: என் மகன் வங்கி வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்கப் போகிறானாம். விலை நன்றாக இருக்கிறது, இப்போது வாங்கலாமா என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான், அண்ணா. – பிரிஸ்பேன் தாய்

கேட்க மாட்டான் தங்கச்சி. நான் கேட்டேனா? இருந்தாலும் சொல்கிறேன்.

விலையை வைத்து வாங்கலாமா என்று கேட்கிறவன், விலையை வைத்துத்தான் விற்பான். அதனால் புல்லைப் பற்றி அவனிடம் கேளுங்கள். ஆறு மாதம் மழை பெய்யாவிட்டால் எத்தனை மாட்டுக்குப் புல் நிற்கும்? அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வாங்க வேண்டாம். கடன் வாங்கி மாடு வாங்கினால், தவணை நாள்தான் விற்பனை நாள் ஆகிவிடும். வங்கியில் இருந்தவனுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, கோமாரி. 2022 மே மாதம் இந்தோனேசியாவில் கோமாரி வந்து, ஜூலையில் பாலித் தீவு வரை பரவியபோது, விமான நிலையங்களில் செருப்பு மிதிக்கப் புளிப்பு மருந்து நனைத்த பாய் விரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் கடைசியாக வந்தது 1872-இல். ஒரே ஒரு மாட்டுக்கு வந்தாலும் வெளிநாட்டுச் சந்தை அத்தனையும் அன்றைக்கே மூடும். இங்கே விளைகிற மாட்டிறைச்சியில் பத்தில் ஏழு பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகிறது. சாப்பிட மீதி இருப்பவர்கள் இரண்டே முக்கால் கோடிப் பேர். மாடு மூன்று கோடி. பையன் இந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு இறங்கட்டும்; பயந்து ஓட வேண்டியதில்லை.

முதல் தடவை கன்று வாங்குவதைவிடச் சினைப் பரிசோதனை முடிந்த பசு பத்துப் பன்னிரண்டு வாங்குவது நல்லது. விலை விழுந்தாலும் வருஷத்துக்கு ஒரு கன்று போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பல்லைப் பார்க்காமல் கைகொடுக்கக் கூடாது. நாலு வயதில் முன்பக்கத்து எட்டுப் பல்லும் விழுந்து முளைத்துவிடும். அதற்குப்பின் தேய்மானத்தை வைத்துத்தான் வயது. நுனி தேய்ந்து பல்லுக்குப் பல் சந்து விழுந்திருந்தால், விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் அது பாட்டி. பசு பார்க்கப் போகும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள். நானும் வருகிறேன். பல் பார்க்கக் கட்டணம் கிடையாது, மத்தியானச் சோறு போட்டால் போதும்.