எந்த ஆண்டு, எந்தப் போர்முனை? காகிதச் சிப்பாய்களும் டாங்கிகளும்: கேள்வி பதில்

பன்னிரண்டு ஆண்டுகளாகக் காகிதத்தில் சிப்பாய்களையும் டாங்கிகளையும் வரைந்து, வெட்டி, ஒட்டி வருகிறேன். “இதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று போன மாதம் சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதில்தான் ஆசை அதிகம், அதனால் அங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கேள்வி: அக்கா, இணையத்தில் கிடைத்த பச்சை ஷெர்மன் டாங்கியைப் பாலைவன நிறத்துக்கு மாற்றப் பார்க்கிறேன். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பெயின்ட் பக்கெட்டை ஊற்றினால் ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் பச்சையாக ஒரு வளையம் நிற்கிறது. நிழலும் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பக்கெட் வேண்டாம் தம்பி. கோடும் நிறமும் சேரும் இடத்தில் இரண்டுக்கும் நடுவான நிறத்தில் பிக்சல்கள் இருக்கும். பக்கெட் அவற்றைத் தொடாது, அதுதான் வளையமாகத் தெரிகிறது. நிறத்தின் மேல் நிறத்தைப் பூசாமல், கோட்டையும் நிழலையும் நிறத்திலிருந்து பிரித்தெடுங்கள். பிடிஎஃப்பைத் திறக்கும்போதே 300 டிபிஐ கொடுங்கள்; ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சலாக வரும். முதலில் படத்தைக் கருப்பு வெள்ளையாக்குங்கள். அடுத்து லெவல்ஸில் (வெளிச்சத்தையும் கருமையையும் சரிசெய்யும் இடம்) வெளிச்சப் பக்க முனையை உள்ளே இழுங்கள். தகடெல்லாம் வெளுத்து, கோடும் நிழலும் மட்டும் சாம்பலாக மிஞ்சும். அந்த லேயரை மல்டிப்ளை (வெள்ளை மறைந்து, கருமை மட்டும் அடியில் உள்ள நிறத்தின் மேல் படியும் முறை) ஆக்கி, அடியில் புது லேயர் போட்டு அதில் மணல் நிறத்தைத் தாராளமாகப் பூசுங்கள். கோட்டைத் தாண்டி வழிந்தாலும் நல்லதுதான், வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாது. ஹ்யூ ஸ்லைடரை மட்டும் நகர்த்திக் கரும்பச்சையிலிருந்து மணலுக்கு வர முடியாது. அது நிறத்தைத் திருப்புமே தவிர வெளிச்சத்தைக் கூட்டாது.

இன்னொன்று. ஷெர்மன் முதலில் பெரிய போரைக் கண்டது 1942 அக்டோபரில், எகிப்தின் எல் அலமேனில். அமெரிக்கத் தயாரிப்பானாலும் அங்கே ஓட்டியவர்கள் பிரிட்டிஷ் எட்டாம் படையினர். அந்தப் போர்முனைக்குத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் பக்கவாட்டில் இருக்கும் அமெரிக்க வெள்ளை நட்சத்திரத்தையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் செய்த ஜெர்மன் பாந்தர், டைகர் இரண்டும் அடர் சாம்பல். தப்பு என்கிறார் நண்பர். ஜெர்மன் டாங்கி என்றாலே சாம்பல்தானே?

பதில்: பாந்தரைப் பற்றி அவர் சொன்னது சரி. டைகர் விஷயத்தில் பாதி சரி. 1940 ஜூலைக் கடைசியில் வந்த உத்தரவுப்படி எல்லா டாங்கிகளும் அடர் சாம்பல் ஆயின. 1943 பிப்ரவரியில் அந்த உத்தரவு மாறியது. அடிநிறம் அடர் மஞ்சள். அதன் மேல் ஆலிவ் பச்சையையும் செம்பழுப்பையும் அந்தந்தப் படைப்பிரிவே தான் நிற்கும் நிலத்துக்கு ஏற்றபடி தெளித்துக்கொள்ளலாம். பாந்தர் பெரிய அளவில் களமிறங்கியது 1943 ஜூலையில், குர்ஸ்க் சண்டையில். அதற்குள் சாம்பல் காலம் முடிந்துவிட்டது. டைகர் 1942இலேயே லெனின்கிராட் பக்கம் வந்துவிட்டதால் அதற்குச் சாம்பல் பொருந்தும். ஆனால் 1944 நார்மண்டி டைகரைச் சாம்பலில் செய்யக்கூடாது.

அடர் மஞ்சள் என்றதும் மாம்பழத்தை நினைக்காதீர்கள். வெயிலில் காய்ந்த வைக்கோலில் துளி பச்சை கலந்த மாதிரி இருக்கும். பச்சையும் பழுப்பும் களிம்பாக வந்து சேரும். பெட்ரோலிலோ, அது இல்லாதபோது தண்ணீரிலோ கரைத்துத் தெளிப்பார்கள். ஒரே படைப்பிரிவில்கூட ஒரு டாங்கி அழுத்தமாகவும் அடுத்தது வெளிறியும் இருந்ததற்கு இதுதான் காரணம். மூன்று டாங்கி அச்சிட்டால் மூன்றிலும் நிறம் கொஞ்சம் வேறுபடட்டும்.

கேள்வி: வட ஆப்பிரிக்க மட்டில்டா டாங்கியில் வானநீலப் பட்டை போட்ட மாடல்களைப் பார்க்கிறேன். பாலைவனத்தில் நீலம் எதற்கு?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. 1940, 41இல் அங்கிருந்த பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு நேர்கோடாக வெட்டிய பட்டைகள் உண்டு: மங்கிய மணல் நிறம், வெள்ளிச் சாம்பல், ஸ்லேட் பலகை நிறம். நடுவில் சொன்ன வெள்ளிச் சாம்பல் உண்மையில் பச்சை சாய்ந்த சாம்பல். பிற்காலத்தில் அருங்காட்சியக டாங்கிக்கு மறுபூச்சு பூசியபோது அந்த இடத்தில் வெளிர்நீலம் வந்துவிட்டது. மாடல் செய்கிறவர்கள் அதைப் பார்த்துப் பூச, அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பூச, நீலம் நிலைத்துவிட்டது. நேரில் பார்த்த டாங்கி என்பதற்காக அதன் பெயின்ட்டை நம்பிவிடக்கூடாது.

பழைய கருப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்தும் நிறத்தை ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். புகைப்படம் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும். அது என்ன நிறம் என்பதை எழுத்து வடிவில் இருக்கும் உத்தரவில்தான் தேட வேண்டும்.

கேள்வி: நெப்போலியன் போர்க்காலத்து பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரை வரைந்துவிட்டேன் அக்கா. கழுத்துப்பட்டி, கைமடிப்பு நிறத்தை மட்டும் மாற்றினால் வேறு வேறு ரெஜிமென்ட் ஆகிவிடுமா?

பதில்: சாதாரணச் சிப்பாய்க்கு அநேகமாக ஆகிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். கோட்டு காலாட்படையில் பெரும்பாலோருக்குச் சிவப்பு. கழுத்துப்பட்டி, கைமடிப்பு, தோள்பட்டி மூன்றும் ரெஜிமென்ட்டின் முகப்பு நிறத்தில் இருக்கும். 28ஆவது ரெஜிமென்ட்டுக்கு மஞ்சள், 69ஆவதுக்குப் பச்சை, 27ஆவதுக்கு வெளிர் தோல் நிறம், 33ஆவதுக்குச் சிவப்பு. நான்குமே 1815 வாட்டர்லூப் போரில் நின்றவை. முகப்பு நிறத்தைத் தனி லேயரில் வைத்துக்கொண்டால் ஒரு மாலையில் நான்கு ரெஜிமென்ட் அச்சிடலாம்.

ஆனால் அந்த நிறம் கழுத்தோடும் கையோடும் நிற்பதில்லை. சார்ஜென்ட்டின் இடுப்புத் துணி அரக்குச் சிவப்பு. அதன் நடுவே ஓடும் பட்டை முகப்பு நிறம். ரெஜிமென்ட் கொடியின் பரப்பும் முகப்பு நிறம்தான். 33ஆவது போல முகப்பே சிவப்பாக இருந்தாலோ, முகப்பு வெள்ளையாக இருந்தாலோ வெள்ளைக் கொடியில் சிவப்புச் சிலுவை வரும். டிரம் அடிப்பவர்களுக்கு 1768 அரச ஆணை நிறங்களைத் தலைகீழாக்கியது. மஞ்சள் முகப்பு ரெஜிமென்ட்டின் டிரம்மருக்கு மஞ்சள் கோட்டு, சிவப்பு முகப்பு. புகைமூட்டத்தில் யார் எங்கே என்று தெரிய வேண்டுமே. நீல முகப்பு கொண்ட அரச ரெஜிமென்ட்டுகளின் டிரம்மர்கள் மட்டும் சிவப்பிலேயே இருந்தார்கள். முகப்பு லேயரைத் தொடும்போது இடுப்புத் துணி, கொடி, டிரம்மர் மூன்றையும் கூடவே பாருங்கள்.

பலர் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் வித்தியாசம் காட்ட ஒரே படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுகிறார்கள். தோட்டாப் பெட்டி வலது இடுப்பில் இருக்க வேண்டியது, துப்பாக்கிக் கத்தி இடது பக்கம். அணிவகுப்பில் பிரிட்டிஷ் சிப்பாய் துப்பாக்கியைச் சாய்ப்பது இடது தோளில். படத்தைத் திருப்பினால் எல்லாமே இடம் மாறிவிடும். சிப்பாயின் முதுகுப் பக்கத்தை வரையும்போது வெளிக்கோட்டை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைப் புதிதாக வரையுங்கள். வெளிக்கோட்டைச் சுற்றி ஒன்றரை மில்லிமீட்டர் கருப்பு விட்டால், மடித்து ஒட்டும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் விலகினாலும் தெரியாது.

நாம் லேயரில் செய்வதைத்தான் பிரான்ஸில் எபினால் ஊர் அச்சகத்தார் தகட்டில் செய்தார்கள். 1796இல் பெல்லரின் தொடங்கிய அச்சகம் அது. மரக்கட்டையில் கோட்டை அச்சிட்டு, நிறத்துக்கு ஒன்றாக வெட்டிய ஸ்டென்சிலை மேலே வைத்துத் தூரிகையால் பூசுவார்கள். அந்தத் தாள்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கேள்வி: வெள்ளைக் கோட்டு போட்ட பிரெஞ்சுக் காலாட்படைப் படம் ஒன்று கண்ணில் பட்டது. அது ஆஸ்திரியர்கள்தானே?

பதில்: பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்கலாம். கடல்வழி அடைபட்டு அவுரி நீலச் சாயம் தட்டுப்பட்டதால், 1806இல் நெப்போலியன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு உத்தரவிட்டார். சில ரெஜிமென்ட்டுகள் அணிந்தும் விட்டன. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1806, 07க்கு வெள்ளை சரி, வாட்டர்லூவுக்கு நீலம்தான்.

கேள்வி: மேடம், நம் ஊர்ச் சிப்பாய் யாரையாவது செய்ய முடியுமா? மதராஸ் படை மாதிரி?

பதில்: அவசியம் செய்யுங்கள். ஆனால் ஆண்டை முடிவு செய்யாமல் தலையை வரைய ஆரம்பிக்காதீர்கள். இங்கே அந்தத் தலைப்பாகைதான் வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளைக் கால்சட்டை, கீழே வெறுங்கால் அல்லது செருப்பு. 1805 கடைசியில் தலைமைத் தளபதி கிராடாக் காலத்தில் தொப்பி போன்ற புதிய தலைப்பாகையும் அதில் தோல் சின்னமும் வந்தன. கூடவே நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றார்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தலைப்பாகை உத்தரவு அந்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. 1803இல் அஸ்ஸாயேயில் போரிட்ட மதராஸ் சிப்பாயை வரைந்தால் நெற்றியில் திருநீறோ நாமமோ இருக்கட்டும், காதில் கடுக்கன் இருக்கட்டும். அரை சென்டிமீட்டர் முகத்தில் அது இரண்டு பிக்சல் கோடுதான். ஆனாலும் அதை நான் விடமாட்டேன்.

கேள்வி: எந்தப் பேப்பர் வாங்குவது? ஜெராக்ஸ் கடையில் ஆர்ட் கார்டு கொடுத்தார்கள். மடித்த இடமெல்லாம் வெடித்துவிட்டது.

பதில்: ஆர்ட் கார்டின் மேல் வழவழப்புக்காக ஒரு பூச்சு இருக்கும், மடித்தால் அதுதான் வெடிக்கிறது. இங்க்ஜெட் மையும் அதில் சரியாகக் காயாது. பூச்சில்லாத 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை டாங்கியின் உடலுக்கும் சிப்பாய்க்கும் போதும். சுருட்ட வேண்டிய சிறு துண்டுகளுக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம். சக்கரத்துக்கு அச்சிட்ட தாளை ஒரு மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திவிட்டுத்தான் மடிக்க வேண்டும். லேசர் பிரிண்ட் என்றால் டோனர் மடிப்பில் உரியும். அதே நிறக் கலர் பென்சிலால் தடவுங்கள். ஃபெவிகாலைக் குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். அதிலுள்ள தண்ணீர் பட்டால் இங்க்ஜெட் மை கசியும், அட்டையும் வளையும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். வெட்டிய ஓரத்தின் வெள்ளையை ஒட்டுவதற்கு முன்பே ஸ்கெட்ச் பேனாவால் மறைத்துவிடுங்கள். பாதிப் பேரின் மாடல் பொம்மை மாதிரித் தெரிவது அந்த வெள்ளை விளிம்பால்தான்.

கேள்வி: 1:25 அளவு டாங்கியை 28 மில்லிமீட்டர் சிப்பாய்களோடு நிறுத்த எத்தனை சதவீதம் சுருக்க வேண்டும்?

பதில்: 28 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு ஏறக்குறைய 1:56 ஒத்துவரும். 25ஐ 56ஆல் வகுத்தால் 44.6 சதவீதம். டி-34இன் அகலம் 3 மீட்டர். 1:25இல் 120 மில்லிமீட்டராக இருந்தது 1:56இல் 54க்குச் சற்றுக் குறைவாக வரும். படம் சுருங்கும், பேப்பரின் கனம் சுருங்காது என்பதை மறக்காதீர்கள். பசை தடவும் ஓர மடல்கள் நான்கு மில்லிமீட்டரிலிருந்து இரண்டுக்கும் கீழே போய்விடும், அவற்றை மட்டும் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். விளக்கு, கைப்பிடி போன்றவற்றை வெட்டி ஒட்ட முயலாமல் படமாகவே விட்டுவிடலாம். பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு தடவை டாங்கியின் உடலை ஒரு கடையிலும், பீரங்கி பொருத்திய கோபுரத்தை வேறு கடையிலும் அச்சிட்டேன். கோபுரம் அதன் வளையத்தில் உட்காரவே இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் கத்தியை எடுக்கிறேன்.

கேள்வி: சொந்தமாக வடிவமைக்க ஆசை. ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி எங்கள் ஊரில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: நல்ல தேர்வு. பேப்பர் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வளையும். பெட்டி, உருளை, கூம்பு மூன்றும் தட்டையாக விரியும், பந்து விரியாது. அதனால் தட்டைத் தகடுகள் எளிது, வார்ப்பு இரும்பின் உருண்ட வளைவுகள் கடினம். அவற்றை ஆரஞ்சுச் சுளை போலக் கீறிப் பிரிக்க வேண்டும். டாங்கியை நான்கு பக்கமும் நேராக நின்று படமெடுங்கள், ஒரு மீட்டர் ஸ்கேலையும் படத்தில் சேருங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவத்தைக் கட்டி, அதற்கான காகித மாடல் ஆட்-ஆன் வழியாக விரித்தெடுக்கலாம். பீரங்கிக் குழாய்க்கு விட்டத்தை 3.14ஆல் பெருக்குங்கள், 5 மில்லிமீட்டர் குழாய்க்கு 15.7 அகலம், மேலே ஒட்டுவதற்குக் கொஞ்சம். மெல்லிய குழாய் என்றால் துடைப்பத்து ஈர்க்குச்சியின் மேல் சுருட்டலாம். நினைவுச்சின்னத்தின் பெயின்ட்டை மட்டும் நகலெடுக்க வேண்டாம். அதைப் பூசியவர்கள் பளபளப்புக்காகப் பூசியிருப்பார்கள். பணியில் இருந்த காலத்துக் கலர்ப் படங்களைத் தேடுங்கள்.

கேள்வி: நிறம் மாற்றியதை மற்றவர்களோடு பகிரலாமா?

பதில்: வடிவமைத்தவரிடம் எழுதிக் கேளுங்கள். இலவசமாகத் தந்திருந்தாலும் வரைந்தது அவர். உங்களுக்காக அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்வது வேறு, கோப்பைப் பரப்புவது வேறு, விற்பது முற்றிலும் வேறு. நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்தார், அந்தக் கோப்பு என் கணினியைத் தாண்டவில்லை.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயது. டாங்கி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

பதில்: முதல் வாரம் சிப்பாய்களைக் கொடுங்கள் சகோதரி. நிறமில்லாத கோட்டுப் படமாக அச்சிட்டு அவனையே கலர் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். மடித்து ஒட்டிய பிறகு கால் இடுக்கில் கத்தி விட வேண்டாம். கருப்பாகவே இருக்கட்டும், கத்தரிக்கோலால் சுற்றி வெட்டினால் போதும். மின்விசிறிக் காற்றில் சாயாமல் இருக்க அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவிடுங்கள்.