'ஏழைகள் ஒதுக்கீட்டில்' பாதி விலைக்கு வீடு: டோக்கன் கொடுக்கலாமா?

கேள்வி: பள்ளி வேன் ஓட்டுகிறேன். பழைய மாமல்லபுரம் சாலையில் கட்டப்படும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏழைகளுக்கான 10 சதவீத ஒதுக்கீட்டில் பாதி விலைக்கு வீடு வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். டோக்கன் இரண்டு லட்சம் கேட்கிறார். பிறகு பக்கத்து வீட்டையும் வாங்கி நடுச்சுவரை எடுத்துவிடலாமாம். நம்பலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: கொடுக்காதீர்கள். தரகர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அங்குதான். 2008இல் வந்த சென்னை இரண்டாம் முழுமைத் திட்ட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனையில் குடியிருப்பு கட்டுபவர், சாலை நீங்கலாகக் குறைந்தது 10 சதவீதப் பரப்பைக் குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு வீடு 45 சதுர மீட்டரை, அதாவது சுமார் 484 சதுர அடியைத் தாண்டக் கூடாது என்றும் இருந்தது. 2019இல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துவிட்டன.

அளவைச் சொன்ன 2008 விதி விலையைச் சொல்லவில்லை. யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது என்றும் சொல்லவில்லை. விண்ணப்பம் இல்லை, பட்டியல் இல்லை, குலுக்கல் இல்லை. இல்லாத பட்டியலில் உங்கள் பெயரை எப்படிச் சேர்ப்பார்? அவர் சொல்லும் 'பாதி விலை' பெரும்பாலும் பாதிப் பரப்புக்கான சந்தை விலைதான்.

மகாராஷ்டிராவில் 2013இல் கொண்டுவந்த விதி 4,000 சதுர மீட்டரிலேயே தொடங்குகிறது. பங்கு 20 சதவீதம். வீடு யாருக்கு என்பதை அரசு வீட்டுவசதி வாரியமான 'மாடா' குலுக்கலில் முடிவு செய்கிறது. அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் விண்ணப்பிக்க ஓர் இடமாவது இருக்கிறது! நம் ஊரில் வரைபடத்தில் சிறிய வீடுகளை எண்ணிப் பார்ப்பதோடு அதிகாரிகளின் கடமை முடிந்துவிடுகிறது. அதில் குடியேறியது வேன் ஓட்டுநரா, வாடகைக்கு விடும் முதலீட்டாளரா என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை ஆண்டுகளில் இதைத் திருத்த ஒருவருக்கும் நேரமில்லையா?

இன்னொன்றையும் நன்றாகக் கவனியுங்கள். ஒதுக்கீட்டு வீடுகள் அதே வளாகத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. 2 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறு இடத்திலும் கட்டலாம் என்றது. தரகர் நீச்சல் குளத்தையும் பூங்காவையும் சுற்றிக் காட்டுவார். உங்கள் வீடோ வேறு தெருவில், வேறு நுழைவாயிலோடு இருக்கலாம். அந்த 2 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கணக்கு. நடுவில் பக்கிங்காம் கால்வாய் இருந்தால், பாலம் தேடிச் சுற்றி வரும்போது தூரம் இரண்டு மடங்காகக்கூடும். எனவே வீடு அமையும் சர்வே எண்ணை எழுத்தில் கேளுங்கள். கட்டட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் திட்ட அனுமதி வரைபடத்தில் அதே எண்ணில் அந்தக் கட்டடம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

நடுச்சுவரைத் தொடவே கூடாது. இந்த வீடுகளை இணைக்கவும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் 2008 விதியே தடை செய்தது.

உண்மையிலேயே அந்தச் சிறிய வீடு பிடித்திருந்தால் கட்டுநரிடம் நேரில் பேசுங்கள். திட்டத்தின் ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு எண்ணை, அச்சட்டத்தின்கீழ் இயங்கும் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ரெராவில் பதிவான கட்டுமானத் திட்டத்தில் வீடு விற்றுத் தரும் தரகரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அன்றே பேச்சை நிறுத்திவிடுங்கள்.