குரங்கு செய்கிற வேலை

அன்புள்ள ஐயா,
பாறசாலையில் இருந்து எழுதுகிறேன். விலங்கியல் மாணவன். ஊரில் தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. விடுதியில் நண்பர்களோடு விளையாட்டாக ஓர் ஆய்வுத்தலைப்பு போட்டோம்: 'தென்னை ஏற்றத்தில் நாட்டுக்குரங்குகளின் வேலைவாய்ப்பு'. நீங்கள் வழிகாட்டியாக வருவீர்களா? முனைவர் பட்டம் எங்களுக்கா, குரங்குக்கா?
ஜெ.

அன்புள்ள ஜெ.,

கடிதம் வந்தபோது தோப்பில்தான் நின்றிருந்தேன். ஒரு மாதமாக 'இன்னா வாறேன்' என்கிறார் தென்னை ஏறும் ஏற்றுகாரர். குரங்குகள் சொல்லாமலே வந்து, இளநீர்க் கருக்கைக் கடித்து இரண்டு வாய் குடித்துவிட்டு என் காலடியில் போட்டன.

உங்கள் யோசனை பழசு. 1937லேயே சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் கார்னர் என்ற தாவரவியலாளர் 'பெரோக்' எனும் பன்றிவால் குரங்குகளைப் பழக்கி, உயரமான மரங்களிலிருந்து பூவும் காயும் பறிக்க வைத்தார். குரங்கு மேலே, கயிற்றைப் பிடித்தபடி அறிஞர் கீழே. ஆய்வு மாணவருக்கும் வழிகாட்டிக்கும் இன்றும் அதே ஏற்பாடுதான். 2002இல் இங்கிலாந்தின் பெயிண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஆறு குரங்குகளிடம் ஒரு கணினியைக் கொடுத்தார்கள். கடைசியில் கிடைத்தது ஐந்து பக்கம், பெரும்பாலும் 'எஸ்' என்ற ஒரே எழுத்து. உங்கள் ஆய்வேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை, ஒப்பிட மாட்டேன்.

பட்டத்தை விடுங்கள். 'வேலைவாய்ப்பு' என்ற சொல்லில்தான் எனக்குக் கோபம் வந்தது. தாய்லாந்தில் தேங்காய் பறிப்பது பன்றிவால் குரங்கு, நம் நாட்டுக்குரங்கு அல்ல. விலங்கியல் படிக்கிறவர் இதைக்கூடப் பார்க்கவில்லையா? அதையும் கழுத்தில் கயிறு கட்டித்தான் ஏற்றுகிறார்கள். காயைத் திருகிக் கீழே போடும், அவ்வளவுதான். தென்னை ஏறுவது வேறு, தம்பி.

என் சிறுவயதில் எங்களுக்கு ஒருவர் வருவார். தளைநாரைக் காலில் மாட்டி ஏறினால் லேசில் இறங்கமாட்டார். அரிவாளின் பின்பக்கத்தால் காயைத் தட்டி விளைச்சல் பார்ப்பார். காய்ந்த மட்டையைக் கழிப்பார், பன்னாடையை உரிப்பார், குருத்தைத் துளைத்த வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பார். மேலிருந்தே அம்மாவிடம், "அக்கா, இந்தத் தென்னை மூட்டுக்கு உப்பு போடணும்" என்பார். மரத்துக்கு மரம் நோய்க்குறிப்பு அவரிடம் இருந்தது. 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் இளைஞர்களுக்கு எந்திரத்தில் ஏறக் கற்றுக்கொடுத்தபோது, பூச்சி பார்க்கவும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. காரணம் இதுதான்.

அவர் நெஞ்சில் கறுத்த காய்ப்பு இருக்கும். வலிக்காதா என்று கேட்டேன். "மக்களே, நீ எழுதி எழுதி உன் வெரல்லயும் வரும்" என்றார். வந்தது.

ஒருமுறை கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். தாத்தா திண்ணையில் இருந்தபடியே, "கொரங்கு செய்யுற வேலைக்கு இவ்வளவாடே?" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. வெட்டிய காய்களை எண்ணி அடுக்கிவிட்டுப் போனார். அடுத்த வெட்டுக்கு வரவில்லை, பிள்ளைகளையும் அனுப்பவில்லை. நெற்றுகள் தாமாக விழ ஆரம்பித்தன. தாத்தா தலையில் துண்டைச் சும்மாடு மாதிரி சுற்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துப் பார்த்து முற்றத்தைக் கடப்பார்.

தலைப்பு வேண்டுமென்றால் தருகிறேன். டெல்லியில் குரங்குகளை விரட்ட, அவை அஞ்சும் லங்கூர் எனும் கருமுக மந்தி போலக் குரல் கொடுக்க 40 இளைஞர்களை அமர்த்தியிருப்பதாக 2014இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். குரங்கு வேலைக்கு மனிதர்கள். அதை ஆராயுங்கள், வழிகாட்டியாக வருகிறேன்.

ஏற்றுகாரர் சனிக்கிழமை நிச்சயம் வருகிறாராம். நீங்களும் வாருங்கள், துண்டு ஒன்று எடுத்துக்கொண்டு.